பூக்கடையில் விட்ட பை

மூச்சு சரியாகத்தான் இருக்கிறது. இருக்கிறதுதானே? சிகாமணி நின்று காதைத் தீட்டிக்கொண்டான். நாலு எட்டு முன்னால் அவன் மகள் மிருதுளா, இன்னும் ஆறு வயது முடியாதவள், ஒரு பாறை இடுக்கில் குந்தி உட்கார்ந்து எறும்புகளை விசாரித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால், மஞ்சள் கவுன், அதற்கு மேல் இந்த வைகாசி மாதத்திலும் அவள் அம்மா மாட்டிவிட்ட கம்பளி ஸ்வெட்டர். கரட்டு மேல காத்து எப்படி இருக்குமோ என்றாள் சுகந்தி. எப்படி இருக்கும், காற்று காற்றாகத்தான் இருக்கும் என்று வாய் வரைக்கும் வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான். இத்தனை தூரம் சம்மதித்ததே பெரிது, அதைக் கெடுத்துக்கொள்வானேன். "இன்னிக்கு ஒரு நாளைக்குப் பாப்பம். இழுப்பு வராமக் கூட்டிட்டு வந்தீங்கன்னா, சேரி, அவ வெளிய வாசல்ல ஓடட்டும், பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளோடயும் வெளையாடட்டும். இழுத்துச்சுன்னா அப்பறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுங்க." அவ்வளவுதான் ஒப்பந்தம். டாக்டர் என்னவோ போன வருசத்திலிருந்தே சொல்கிறார், ஓடட்டும் ஏறட்டும், பம்பு மட்டும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும் என்று. டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பிள்ளையின் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே போய்வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் சுகந்திதானே. அதனால்தான் காலையில் அந்தத் துணிப்பையை அவளே அடுக்கினாள், அவனை நம்பாமல். இழுப்புக்கு மருந்து அடிக்கிற நீல நிற பம்பு, அதைப் பொருத்தி மூக்கிலும் வாயிலும் வைக்கிற பிளாஸ்டிக் குழல், காய்ச்சி ஆற்றிய தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, இரண்டு பழம். அடுக்கி முடித்துப் பையின் வாயைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள். பையைக் கொடுத்தாளா, பிள்ளையைக் கொடுத்தாளா என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது. இப்போது எறும்புகள் எங்கே போகின்றன என்று பிள்ளை கேட்டாள், அப்பா மாதிரி மண்டிக்கு வேலைக்குப் போகுது கண்ணு என்றான் அவன், எறும்பு மண்டியிலும் மஞ்சள்தானா என்றாள், ஆமாமா எல்லா மண்டியிலும் மஞ்சள்தான் என்றான். கேட்டவள் எழுந்து அடுத்த பாறைக்குத் தாவினாள். தாவின பிறகு மூச்சு? சரியாகத்தான் இருக்கிறது.

கால் சுடவில்லை, இன்னும் வெயில் ஏறவில்லை. வெறுங்காலில் பாறை இவ்வளவு சொகமாக இருக்குமென்று யாராவது சொல்லியிருந்தால் அவன் எப்போதோ ஏறியிருப்பான். வட்டக்கரடு என்றால் பெரிய மலையெல்லாம் இல்லை, ஊருக்கு மேற்கே மொட்டைப் பாறையாகக் கிடக்கிற ஒரு கரடு. உச்சியில் சின்ன முருகன் கோயில், செவ்வாய்க்கிழமை மட்டும் பூசை. பாதி தூரம் படி, அதற்கு மேல் பாறையில் செதுக்கின கால்குழி. கோயில் இருப்பதால் செருப்புப் போட்டு யாரும் ஏறுவதில்லை, அடிவாரத்தில் புளியமரத்தடியில் பூக்கடை வைத்திருக்கிற பாப்பாத்தியக்காவிடம் விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அக்காவும் லேசுப்பட்ட ஆளில்லை, வருகிறவர்களைத் தலை முதல் கால் வரை பார்த்து எதெது மேலே போகலாம், எதெது போகக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். "செருப்ப அந்த ஓரமாப் போடுங்க. பை எதுவும் மேல கொண்டுபோகாதீங்க சாமி. நெம்பக் கெட்டதுங்க இந்தக் கொரங்குக, பையின்னு கண்டாப் போதும், தோளோட பிச்சு எடுத்துரும். போன வாரம் ஒரு பொண்ணு பயந்து உருண்டு மூஞ்சியெல்லாம் காயம். கொண்டாங்க இப்படி." உருண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கையில் பிள்ளையின் கை இறுகியது. எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆணியில் வரிசையாகப் பைகள், கீழே வரிசையாகச் செருப்புகள். அவனும் செருப்பைக் கழற்றினான், பையைக் கொடுத்தான், செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், வாழை இலையில் கட்டின ஒரு முழம் அரளியை மிருதுளா வாங்கிக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்த எவனும் செய்கிற காரியம். தோள் லேசாகிவிட்டது. அந்த லேசில் அவன் சிரித்துக்கொண்டுகூட ஏறினான் என்பதுதான் வேடிக்கை.

இந்தக் கரட்டை அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், ஆனால் இன்றைக்குத்தான் ஏறுகிறான். சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் பல் முளைத்த பையன்களெல்லாம் ஏறி இறங்கின கரட்டை அவன் மேற்குப் பக்கத்து சன்னல் வழியாகப் பார்த்தான், அவ்வளவுதான். அவனுக்கும் இழுப்பு இருந்தது. மிருதுளாவுக்கு வந்தது எங்கேயிருந்து என்று யாரும் வெளியே தேட வேண்டியதில்லை. மழை வந்தால் சன்னல், பனி வந்தால் சன்னல், மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுகிற மாதத்தில் சன்னலும் சாத்திக் கண்ணாடி வழியாக. பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுவார்கள், அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்கோர் சொல்வான். நல்லாத்தான் சொல்வான், யாரும் அவனை ஏமாற்ற முடியாது, அவுட்டா இல்லையா என்று சண்டை வந்தால் சிகாமணியைக் கேளுடா என்பார்கள். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் ஓடியது. ஆட்டம் முடிந்து எல்லாரும் கரட்டுக்குக் கிளம்பும்போதுதான் நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கும், அது இழுப்பு இல்லை, வேறு. உச்சியிலிருந்து எவனாவது சட்டையைக் கழற்றி ஆட்டுவான். தனக்குத்தான் ஆட்டுகிறானோ என்று இவனும் கையை ஆட்டுவான். பதினைந்து பதினாறு வயதில் இழுப்பு தானாக விட்டுப் போனது. போனபோது கரடு ஏறுகிற வயசும் போயிருந்தது, மஞ்சள் மண்டிக்கு வேலைக்குப் போகிற வயசு வந்திருந்தது. அதே வீடு, அதே சன்னல். மிருதுளாவுக்கு முதல் தடவை மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கு சுகந்தி அந்த சன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டச் சொன்னாள், தெருப் புழுதி வராமல் இருக்க. மூட்டை ஒட்டுகிற காக்கி டேப்பை மண்டியிலிருந்து அவன்தான் கொண்டுவந்தான், அவன்தான் நாற்காலி போட்டு ஏறி ஒட்டினான், நான்கு பக்கமும் சுருக்கம் இல்லாமல். நல்லா ஒட்டியிருக்கீங்க என்றாள் சுகந்தி. இப்போது மிருதுளா அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள், அவள் மூக்குத் தடம் அதில் எப்போதும் இருக்கும். மண்டியிலிருந்து வந்து குளித்து முடிக்கிற வரைக்கும் அவன் பிள்ளையைத் தொடக்கூடாது, சட்டையில் மஞ்சள் தூசி. கிணற்றடியில் சோப்புப் போட்டுக்கொண்டே அவன் அந்தச் சன்னலைப் பார்ப்பான், உள்ளே இருந்து அவள் பார்ப்பாள். ஒரு நாள் அவள் உள்ளே இருந்து கேட்டாள், கண்ணாடி வழியாகக் குரல் வரவில்லை, வாயசைவு மட்டும் தெரிந்தது. குளித்துவிட்டுப் போய் என்ன கண்ணு கேட்டீங்க என்றான். அந்தக் கரட்டுக்குப் பொறத்தால என்ன இருக்குதுன்னு கேட்டேன் என்றாள். தெரியாது கண்ணு என்றான். முப்பத்தைந்து வயது ஆளுக்கு அது தெரியவில்லை என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ப்பா, இது நம்ம கசாய எலை!" மிருதுளா ஒரு செடியைக் கிள்ளி முகர்ந்து மூஞ்சியைச் சுளித்தாள். ஆடாதொடைதான். பாறை இடுக்கில் தானாக முளைத்திருக்கிறது. அந்த வாசனை வந்ததும் அவன் நாக்கின் அடியில் அந்தப் பழைய கசப்பு ஊறியது, பித்தளைக் கிண்ணம், மூக்கைப் பிடிச்சுக்கடா என்ற அம்மா குரல், குடித்து முடித்ததும் வாயில் போடுகிற கருப்பட்டித் துண்டு. துப்ப வேண்டும்போல் இருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று கையைத் தோளுக்குக் கொண்டுபோனான். தோளில் ஒன்றும் இல்லை. கை அங்கேயே நின்றது. பை கீழே இருக்கிறது, அதனால் தண்ணீர் இல்லை, சரி, பரவாயில்லை, கோயிலில் குழாய் இருக்கும், பை கீழே இருக்கிறது. பை கீழே. பைக்குள் பாட்டில், பாட்டிலுக்குப் பக்கத்தில் துண்டு, துண்டுக்குள் சுற்றி. ஐயோ. அவன் தோளைத் தடவிக்கொண்டே நின்றான், தடவினால் பை முளைத்துவிடும் என்பதுபோல. சட்டைப்பையைத் தொட்டான், செல்போன். கால்சட்டைப் பையைத் தொட்டான், வண்டிச் சாவி. எதை எதையெல்லாம் பத்திரமாக எடுத்துக்கொண்டிருக்கிறாய் பார், சிகாமணி. ஊரே ஆணியில் பை மாட்டினால் நீயும் மாட்டுவாயா? ஊர்ப் பிள்ளையா உன் பிள்ளை? கீழே பார்த்தான். புளியமரம் ஒரு பச்சைக் கொத்தாகத் தெரிந்தது, பூக்கடையின் நீலத் தார்ப்பாய் ஓரம் தெரிந்தது. மேலே பார்த்தான். கோயில் வெள்ளையடித்த சுவர் எட்டிப் பார்த்தது. ஏறக்குறையப் பாதி வந்தாகிவிட்டது. நடுவில் பிள்ளை, கையில் ஆடாதொடை இலை. அவள் மூச்சு? கேட்கவில்லை, அவன் நெஞ்சு அடித்துக்கொள்வதில் எதுவும் கேட்கவில்லை.

சுகந்திக்கு உடம்பெல்லாம் காது என்று அவன் கேலி செய்வதுண்டு. இல்லாவிட்டால் அந்த நேரம் பார்த்து போன் அடிக்குமா? எடுக்காமல் விட்டால் பயந்துவிடுவாள், எடுத்தால் கேட்டுவிடுவாள். எடுத்தான். "எங்க இருக்கீங்க? பாப்பா என்ன பண்றா? மூச்சு எப்படி இருக்குது?" என்றாள் ஒரே மூச்சில். நல்லா இருக்கறா, செடி பறிச்சுக்கிட்டு இருக்கறா என்றான். "செடியெல்லாம் மோந்து பாக்க உடாதீங்க. பம்பு கையில வெச்சிருக்கீங்கல்ல?" அவன் வாயைத் திறந்தான். உண்மை ஒரு சின்ன வாக்கியம்தான், பூக்கடையில் விட்டுவிட்டேன், இறங்குகிறோம். சொன்னால் என்ன ஆகும்? அவள் அங்கே நடுவீட்டில் நின்று நடுங்குவாள், ஓடிவரவும் முடியாது. அப்புறம் ஒப்பந்தம் முறிந்தது. கரடு முடிந்தது, பள்ளிக்கூடத்து விளையாட்டு முடிந்தது, சன்னலில் இன்னொரு சுற்று டேப். "இருக்குது" என்றான். இருக்கிறதுதான், பூக்கடை ஆணியில். அந்த ஒரு சொல்லுக்கு சுகந்தி விட்ட பெருமூச்சு போனில் நீளமாகக் கேட்டது, அதுதான் அவனை அறைந்தது. அவ்வளவு நிம்மதியை ஒரு பொய்க்குக் கொடுக்கிறாளே. "சேரி, சூதானமாக் கூட்டிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். திருப்பிக் கூப்பிடு. கூப்பிட்டு என்ன சொல்வாய், இருக்கிறது என்றேனே, இல்லை என்றா? வெயில் பிடரியில் உறைக்க ஆரம்பித்தது.

இறங்கிவிடலாம். அதுதான் சரி, அதில் யோசிக்க என்ன இருக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினால் பையைப் பிடித்துவிடலாம். "கண்ணு, கீழ போலாம் வாங்க, அப்பா ஒண்ணு மறந்துட்டேன்" என்றான். மிருதுளா கோயிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அந்தப் பொறத்தால பாத்துட்டுப் போலாங்ப்பா." இல்லீங் கண்ணு, இன்னொரு நாளைக்கு. "இன்னொரு நாள் அம்மா உடமாட்டாங்க." எவ்வளவு சரியாகக் கணக்குப் போடுகிறாள். அவளுடைய கீழுதடு பிதுங்கியது, முகவாய் நடுங்கியது. அழுதால் வரும். ஓடினால்கூட அவளுக்கு அவ்வளவு வருவதில்லை, விக்கி விக்கி அழுதால்தான் நிச்சயம் வரும், ஒவ்வொரு தடவையும் அழுகைதான் முதலில், இழுப்பு பின்னால். மேலே போனால் ஏற்றம், ஏற்றத்தில் இளைக்கும். கீழே போனால் அழுகை, அழுதால் இழுக்கும். இங்கேயே நின்றால் வெயில். மேலே கீழே இங்கே, இங்கே கீழே மேலே, அவன் புத்தி செக்கில் கட்டின மாடாகச் சுற்றியது. இந்த ஊரில் யாரிடமும் பம்பு இருக்காதா, இறங்கி வருகிற யாரையாவது நிறுத்திக் கேட்கலாமா, ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பைகளெல்லாமும் கீழே ஆணியில்தானே தொங்குகின்றன. தூரத்தில் ஒரு குரங்கு குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்து அவர்களையே பார்த்தது. அதன் குட்டி தாயை இறுக்கிப் பிடித்திருக்கிறது, தாய் குட்டியைப் பிடிக்கவே இல்லை, இரண்டு கையையும் வைத்து எதையோ உரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. விழாதா? விழாதுபோல. "சேரி கண்ணு, அழுகாதீங்க, அழுகாதீங்க சாமி. மேல போலாம். ஆனா நான் சொல்ற மாதிரி. நாலு பாறை ஏறினா உக்காந்துக்கோணும். ஓடக் கூடாது." பிதுங்கின உதடு அப்படியே சிரிப்பாக மாறியது, கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே. தெரியாமல் தெரிந்து வைத்திருக்கிறாளோ இந்தக் குட்டி, அப்பனை எங்கே தொட்டால் ஆடுவான் என்று. அவன் அந்தக் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். உள்ளே கவுன் வியர்வையில் நனைந்திருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். கால்குழி தொடங்குகிற இடத்தில் முதலில் கேட்டது, மெல்லிசாக, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. அவன் நின்றான், நின்றதும் கேட்கவில்லை. இரண்டு குழி ஏறினான், கேட்டது. இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அடைத்த சீழ்க்கை, மூச்சு விடும்போது வால் நீண்டு வருகிற சீழ்க்கை. வந்துவிட்டது. வந்தேவிட்டது. "மிருது, நில்லுங்க. நில்லு!" அவன் தாவிப் போய்ப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தான், தானும் மண்டியிட்டான், கவுனின் முதுகில் காதை வைத்தான். வியர்வை வாசனை, அரளி வாசனை, சுகந்தி தேய்த்துவிட்ட பவுடர் வாசனை. சீழ்க்கை பலமாகக் கேட்டது. முருகா, நான் செய்ததற்கு என்னை எது வேண்டுமானாலும் செய், இவளை விட்டுவிடு. தூக்கிக்கொண்டு இறங்க எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டால், சுகந்தியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது. இருக்குது என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது. அவன் காதை இன்னும் அழுத்தினான். பிள்ளையின் முதுகு குலுங்கியது. குலுங்குகிறதே என்று பதறி நிமிர்ந்தான். மிருதுளா கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "கிச்சுகிச்சு மூட்டாதீங்ப்பா." மூச்சு உடுங்க கண்ணு, பெருசா உடுங்க, சத்தம் வருதுல்ல? அவள் பெரிதாக விட்டாள். கேட்டாள். தலையை ஆட்டினாள். "அது நானில்லீங்ப்பா. நீங்க."

அவன் வாயை மூடினான். சீழ்க்கை நின்றது. திறந்தான், வந்தது. இருபது வருசமாக வராதது. அவனுடைய நெஞ்சு அவனுக்குத் தெரியாமல் பழைய வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் மூச்சு வேண்டுமே, அது இல்லை. பாறையில் சாய்ந்தான். மிருதுளா அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், அரளிப் பொட்டலத்தை ஓரமாக வைத்தாள், முகத்தை ரொம்பப் பெரிய மனுசிபோல வைத்துக்கொண்டாள். "பயந்துக்கக் கூடாது. தோளக் கீழ போடுங்க. தூக்கிக்கிட்டு இருக்கீங்க பாருங்க. மூக்குல மெதுவா இழுங்க. இப்ப வாயைக் குவிச்சுக்குங்க. கையில டம்ளர் இருக்குது, சூடா பால் இருக்குது. ஆத்துங்க. வேகமா ஊதுனா சிந்திரும். மெதுவா. இன்னும் மெதுவா." அவன் இல்லாத டம்ளரை இரண்டு கையிலும் பிடித்து இல்லாத பாலை ஆற்றினான். அவளும் எதிரே உட்கார்ந்து ஆற்றினாள். மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. சீழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, வந்து, மெலிந்து, காணாமல் போனது. யாரு சொல்லிக் குடுத்தா என்று கேட்கிற அளவுக்கு மூச்சு வந்ததும் கேட்டான். "அம்மாதான். நீங்க மண்டிக்குப் போனதுக்கப்பறம் நாங்க தெனமும் பால் ஆத்துவோம், பால் இல்லாமயே. பம்ப எங்கயாச்சும் மறந்து வெச்சுட்டா, அத எடுத்துட்டு வர வரைக்கும் அழுகாம இதப் பண்ணிக்கிட்டு இருக்கோணும்னு சொன்னாங்க." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தாள். "உங்கப்பாதான் மறந்து வெப்பாங்கன்னும் சொன்னாங்க." அவனுக்கு முகம் சுட்டது. சுகந்தி சன்னலை மட்டும் அடைக்கிறவள் என்று நினைத்திருந்தான். அவள் அடைத்த சன்னலுக்குள் உட்கார்ந்து தினமும் பிள்ளைக்கு இதைச் செய்திருக்கிறாள், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவன் கிணற்றடியில் சோப்புப் போட்டுக்கொண்டு பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம். "பம்பு எங்கீங்ப்பா?" கீழ பூக்காரம்மாகிட்ட கண்ணு. "ம்" என்றாள், ஊகித்ததுதான் என்பதுபோல. "அப்ப மெதுவாவே போலாம்."

மெதுவாகவே போனார்கள். அவள் முன்னால், அவன் பின்னால், ஆனால் இப்போது அவன் காது அவள் முதுகில் இல்லை, அவளுக்கு இளைக்கும்போது அவளாகவே உட்கார்ந்தாள், போதுமென்றதும் அவளாகவே எழுந்தாள். கோயில் வாசலில் ஒரு கிழட்டுக் குரங்கு வந்து எந்த மரியாதையும் இல்லாமல் அரளிப் பொட்டலத்தைப் பிடுங்கி, பிரித்துப் பார்த்து, பூவை வீசிவிட்டு வாழை இலையைத் தின்றது. மிருதுளா கீழே விழுந்த பூவைப் பொறுக்கி சாத்திக் கிடந்த கதவின் கம்பிக்குள் போட்டாள். குழாயில் இருவரும் கை குவித்துத் தண்ணீர் குடித்தார்கள். அப்புறம் கோயிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள், கரட்டுக்குப் பின்பக்கம். வயல், ஒரு ரயில் பாதை, அதற்கப்பால் வரிசையாகத் தென்னை, அதற்கப்பால் இதேபோல இன்னொரு கரடு. "அதுக்குப் பொறத்தால என்னங்ப்பா?" தெரியாது கண்ணு என்றான். இந்தத் தடவை அதைச் சொல்ல அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. ஊர்ப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, பாறை விளிம்புக்கு நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்து, போனை எடுத்தான். கூப்பிட்டான். "சுகந்தி, நான் பொய் சொல்லிட்டேன். பம்பு என்கிட்ட இல்ல. பையக் கீழ பூக்கடையில விட்டுட்டு வந்துட்டேன். நீ கேக்கறப்பவே இல்ல." அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பாப்பா எப்படி இருக்கறா?" என்றது ஒரு வறண்ட குரல். "நல்லா இருக்கறா. எனக்குத்தான்..." அதற்குள் மிருதுளா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, அப்பாவுக்கு வீசிங் வந்துருச்சு! நான்தான் பால் ஆத்தச் சொல்லிக் குடுத்தேன். அழுகவே இல்ல அப்பா." பிறகு சுகந்தி, "போனை வாய்கிட்ட வெச்சு ஊதிக் காட்டு" என்றாள். மிருதுளா ஊதினாள், நீளமாக, பால் சிந்தாமல். "இன்னொருக்கா." ஊதினாள். அங்கே ஒருத்தி கண்ணை மூடிக் கேட்பது சிகாமணிக்குத் தெரிந்தது. "உங்கப்பாவை ஊதச் சொல்லு." அவனும் போனில் ஊதினான், முப்பத்தைந்து வயதுக்காரன், கரட்டு உச்சியில் உட்கார்ந்து. "வீட்டுக்கு வாங்க, உங்ககிட்டப் பேசிக்கறேன்" என்றாள் சுகந்தி. அந்தக் கோபத்தில் அவனுக்கு உயிர் வந்தது. அவள் வைத்துவிடுவாள் என்று காத்திருந்தான். வைக்கவில்லை. வேறு ஆள் மாதிரி கேட்டாள். "மேல இருந்து என்ன கண்ணு தெரியுது?"

"ரயில் ரோடு தெரியுதும்மா. அப்பறம் இன்னொரு கரடு இருக்குது. நம்ம வீடு..." மிருதுளா கண்ணைச் சுருக்கித் தேடினாள். கீழே நூற்றுக்கணக்கில் ஓட்டுக் கூரையும் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியுமாக ஊர் கிடந்தது, எது யார் வீடென்று கடவுளுக்குத்தான் தெரியும். "நம்ம வீடும் தெரியுது" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "அப்படியா? இரு" என்றாள் சுகந்தி. போனை எங்கோ வைத்த சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு சத்தம் வந்தது, சர்ரென்று நீளமாக, நின்று, மறுபடி சர்ரென்று. மிருதுளா என்னங்ப்பா அது என்றாள். சிகாமணிக்கு உடனே பிடிபட்டுவிட்டது, சன்னல் டேப்பை ஒட்டினவன் அவன்தானே. நான்கு பக்கமும், சுருக்கம் இல்லாமல். நாலாவது பக்கமும் கிழிந்து முடிந்தது, துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று கிறீச்சிட்டது, சட்டென்று போனுக்குள் தெருவின் சத்தம் புகுந்தது, ஒரு மொபெட், ஒரு சேவல், யாரோ யாரையோ கூப்பிடுவது. "தொறந்துட்டேன்" என்றது சுகந்தியின் குரல், இருமலுக்கு நடுவே, புழுதியில். "எங்க நிக்கறீங்க? கையை ஆட்டுங்க பாக்கலாம். ரெண்டு பேரும்." மிருதுளா குதித்து எழுந்து இரண்டு கையையும் ஆட்டினாள். சிகாமணி இடுப்பில் கட்டியிருந்த கம்பளி ஸ்வெட்டரை அவிழ்த்து, எட்டின மட்டும் தூக்கி, எந்த வீடென்று தெரியாத அந்த ஊரைப் பார்த்து ஆட்டினான்.